இடுப்பில் மறைந்த பாதுகாப்பு

நள்ளிரவு கடந்து இரண்டு மணி. ஹியூஸ்ரன் நகரின் புறத்தே, என் மகள் வாழும் வீதியில் ஒரு மோட்டார் சைக்கிளின் ஒலி எழுந்தது. நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒலி நெருங்கி வந்து அடுத்த வீட்டு வாசலில் அடங்கியது. அதன்பின் வெடியோசை எதுவும் எழவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே மீண்டும் படுத்தேன்.

எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியனின் இந்த நடுக்கம் சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆனால் யாழ்ப்பாணத்தில் எண்பதுகளை வாழ்ந்து கழித்தவர்கள் நகைக்கமாட்டார்கள். இருவர் ஏறிவரும் மோட்டார் சைக்கிள், பின்னால் இருப்பவனின் சட்டைக்குள் மறைந்த கை, படலையில் நின்று பெயர் சொல்லி அழைக்கும் குரல்: என்னோடு கணிதம் கற்பித்த நண்பரை 1986 இல் நாம் இழந்தது இவ்வாறே. 2006 நவம்பர் 10 இல் கொழும்பில் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் கொலையாளி தப்பியோடியது மோட்டார் சைக்கிளிலேதான்.

“அவர் நல்ல மனிசன் அப்பா, பயப்பிடாதேங்கோ” என்றாள் மகள். அது 2023 ஆம் ஆண்டு.

அந்த நல்ல மனிதரை ஒரு சனிக்கிழமை காலையில் சந்தித்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க கறுப்பின மனிதர். பண்டசாலை ஒன்றில் மாலை தொடங்கி நள்ளிரவுக்கு அப்பாலும் நீளும் வேலை. முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் என் இரவு அச்சத்தையும் அதன் காரணத்தையும் கூறினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்பு, “இதைக் கேட்டபின் உங்களிடம் மறைப்பது முறையன்று. நானும் கைத்துப்பாக்கி ஒன்றுடன்தான் போய்வருகிறேன்” என்றார்.

என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் வீட்டினுள் சென்று வெற்று உறை ஒன்றை எடுத்து வந்து என் கையில் தந்தார். நல்லாசிரியன் ஒருவனின் பொறுமையோடு விளக்கத் தொடங்கினார். உறை கடினமாக இருக்கவேண்டும். விசையை முழுவதும் மூடவேண்டும். வண்டி குலுங்கினாலும் ஆயுதம் நழுவாதபடி பற்றிக்கொள்ளவேண்டும். முதுகின் நடுவே அதைச் செருகுபவன் மூடன். மல்லாந்து விழுந்தால் அந்த இரும்பின்மேலேயே முதுகெலும்பு மோதும். வயிற்றின் முன்னே வைத்தால், குனிந்து ஓட்டும்போது குழல்வாய் தொடையை நோக்கும். தோளின் கீழ்க் கிடையாகத் தொங்கவிட்டால் பின்னால் வருபவர்களையெல்லாம் அது குறிபார்க்கும். பெட்டியில் வைத்துவிட்டு இறங்கினால் களவுபோகும். களவுபோன துப்பாக்கி இன்னொரு குற்றத்துக்குப் போய்ச் சேரும். “நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, மேலங்கியை இழுத்து மூடிவிடுவேன்” என்றார்.

“மூடினால் தேவையான கணத்தில் எடுப்பது எவ்வாறு?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “வலக்கையில் வேகமும் முன்பிறேக்கும்; இடக்கையில் கிளச். ஓடும் வண்டியில் துப்பாக்கிக்கு மூன்றாவது கை ஏது? ஆபத்து வந்தால் வேகத்தைக் கூட்டி விலகிப் போவதே வழி. பத்து ஆண்டுகளில் இந்தத் துப்பாக்கி எனக்கு ஒருதரமேனும் தேவைப்படவில்லை. தலைக்கவசம் இரண்டு தரம் தேவைப்பட்டது.”

இந்தச் சொற்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. ரெக்சாஸ் மாநிலத்தில் 21 வயது நிரம்பியவர் பயிற்சி பெற்றிருந்தாலோ மருத்துவக் காப்புறுதி வைத்திருந்தாலோ தலைக்கவசமின்றி ஓட்டலாம். 2021 செப்டெம்பர் முதலாம் தேதியிலிருந்து, சட்டத்தடை எதுவும் இல்லாத வளர்ந்தவர் அனுமதிப்பத்திரமின்றியே கைத்துப்பாக்கி ஏந்தலாம். 2024 ஆம் ஆண்டளவில் இத்தகைய சட்டமுள்ள மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. 2022 ஜூனில், நியூயோர்க்கில் 1913 தொட்டு நிலவிய கட்டுப்பாடொன்றை உயர்நீதிமன்றம் தகர்த்தது. வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் ஆண்டொன்றுக்கு ஆறாயிரத்துக்கு மேல் மடியும் நாட்டில், மண்டையோட்டைக் காக்கும் கவசம் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. இடுப்பு இரும்போ உரிமையென்று போற்றப்படுகிறது.

அந்த இரும்பு யாரைக் கொல்கிறது? 2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இக்கணக்கை நான் எடுத்துரைத்தபோது அவர் மறுக்கவில்லை. தொழிற்சாலை ஒன்றிலிருந்து வேலைநீக்கம் செய்யப்பட்ட குளிர்காலத்தில், துப்பாக்கியைச் சில வாரங்கள் தம்பியின் வீட்டில் வைத்திருக்கக் கொடுத்ததாகத் தாழ்ந்த குரலில் கூறினார். ஏனென்று நான் வினவவில்லை. உறையைப் பற்றிக் கூறிய விதிகள் அனைத்திலும் மேலான பாதுகாப்பு விதி அதுவென்று எனக்குப் பட்டது.

அவருடைய பாடத்தில் இறுதியாக ஒன்று எஞ்சியிருந்தது. “வீழ்வதைக் காட்டிலும் நான் அஞ்சுவது பொலிஸ் வண்டியின் விளக்கை” என்றார். விளக்கைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, இரு கைகளையும் கைபிடியின்மேலேயே வைத்திருப்பாராம். மேலங்கியின் பக்கம் ஒரு விரலும் போகக்கூடாது. “பிலாண்டோ கஸ்டீலை அறிவீர்களா?”

அறிவேன். மினசோட்டாவில், சென்ற் போல் நகரப் பாடசாலை ஒன்றின் உணவுக்கூட மேற்பார்வையாளர், வயது 32. 2016 ஜூலை 6 இல் அவருடைய காரைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மறித்தார். தம்மிடம் துப்பாக்கி உண்டென்று கஸ்டீல் முன்கூட்டியே அறிவித்தார். அனுமதியும் அவரிடம் இருந்தது. சில கணங்களில் சுடப்பட்டு இறந்தார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. சுட்டவரை 2017 இல் ஜூரிகள் குற்றமற்றவரென விடுவித்தனர்.

சட்டப் புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே உரிமை. வீதியில் அந்த உரிமைக்குத் தோலின் நிறம் உண்டு. இது புதிதன்று. 1967 இல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கி ஏந்திப் பொலிசாரின் நடத்தையைக் கண்காணித்தபோது, குண்டேற்றிய துப்பாக்கியைப் பொது இடங்களில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் விரைந்து பிறந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் றீகன். கறுப்பின மக்களின் கையில் ஆயுதத்தைக் கண்டபோது மட்டும் ஆளும் வர்க்கத்துக்குக் கட்டுப்பாட்டின் அவசியம் புலப்பட்டது.

“இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் சுமக்கிறீர்கள்?” என்றேன்.

அவர் வீதியின் முடிவைக் காட்டினார். “நான் வேலை முடித்து வெளியேறும் நேரத்தில் அங்கிருந்து இங்கு வர எந்த பஸ்ஸும் கிடையாது. கார் வாங்கச் சம்பளம் போதாது. ஒரு நள்ளிரவில், பெற்றோல் நிரப்பிக்கொண்டிருந்த என் சகதொழிலாளியை அடித்து வீழ்த்திப் பணப்பையைப் பறித்தார்கள். அடுத்த வாரம் நான் துப்பாக்கி வாங்கினேன்.”

அவரை மூடரென்று சொல்ல என் நா எழவில்லை. பஸ் இல்லாத நகரம், இரவை விலைக்கு வாங்கும் முதலாளி, பறித்துத் தின்னும் அளவுக்குக் கைவிடப்பட்ட இளைஞன், அச்சத்தைப் பண்டமாக்கி விற்கும் ஆயுத வியாபாரி: இத்தனை பேரின் கணக்கையும் தனியொரு தொழிலாளி தன் நெஞ்சில் கட்டிச் சுமக்கிறான். உறையை எங்கே கட்டுவது என்பதற்கு அங்கே ஆயிரம் ஆலோசகர்கள் உண்டு. இரவு பஸ் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர் சிலரே. எங்கள் வடமராட்சியிலும் நாம் இப்படித்தான் தவறினோம். ஒலி கேட்டதும் விளக்கை அணைக்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். நண்பரின் படலையில் அந்தக் குரல் ஏன் ஒலித்தது என்று வகுப்பறையில் உரக்கக் கேட்க, ஆசிரியர்களாகிய எங்களில் எத்தனை பேர் துணிந்தோம்? நான் துணியவில்லை.

நாடு திரும்புவதற்கு முதல் நாள் அவரிடம் விடைபெற்றேன். “நீங்கள் மீண்டும் வரும்போது நான் பகல் வேலைக்கு மாறியிருப்பேன். அதன்பின் இதைச் சுமக்கமாட்டேன்” என்றார். கேட்டு இரண்டு ஆண்டுகளாகியும் அந்த மாற்றம் கிடைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அன்றிரவும் இரண்டு மணிக்கு நான் விழித்திருந்தேன். இரண்டேகால் ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. ஒரு மோட்டார் சைக்கிளின் ஒலி வரவேண்டுமென்று காத்திருந்தது என் வாழ்நாளில் அதுவே முதற்தடவை. மூன்று மணிக்குச் சற்று முன்னர் அது வந்தது. வாசலில் நின்றது. கதவு திறந்து மூடும் ஓசை கேட்ட பின்பு நான் உறங்கினேன்.