சைகோன்காரி

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. சைகோன்காரி. தாத்தா திண்ணையில் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்பாயி உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பாள். "என்ன, சைகோன்காரி ஞாபகமா?" காபி சரியில்லை என்று அவர் முகம் சுளித்தால், "அவகிட்டயே போயிக் குடிக்கிறது" என்பாள். தாத்தா பதில் சொல்லமாட்டார். மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு அப்பாயியின் கோபத்தை இன்னும் கிளறிவிடும்.

நெரவியை வாசகர்கள் தெரிந்துவைத்திருக்க நியாயமில்லை. காரைக்காலிலிருந்து அரசலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வருகிற ஊர். எண்ணெய்க் கம்பெனியின் அலுவலகம் வந்த பிறகு வெளியே கொஞ்சம் பெயர் தெரிகிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதிவரை எங்களை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதனால் நாகூர்க்காரர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறியபோது, எங்கள் பக்கத்து ஜனங்கள் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். 1881-இல் ஒரு சட்டம் வந்தது. பரம்பரை வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், புதுக் குடும்பப் பெயரோடு வெள்ளைக்காரனுக்குச் சமமான அந்தஸ்தும் கிடைக்கும். அப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சைகோனில் போலீஸ், சுங்கம் என்று உத்தியோகங்கள் காத்திருந்தன. என் தாத்தா எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. சந்தைக் குத்தகை எடுத்திருந்த நம்மவர் ஒருவரிடம் கணக்குப்பிள்ளையாகப் போனார். 1936-இல் போய் 1954-இல் ஒரேயடியாகத் திரும்பினார். நடுவில் மூன்று தடவை ஊருக்கு வந்தார் என்பதற்கு என் அப்பாவும் இரண்டு அத்தைகளுமே சாட்சி.

அப்படியானால் சைகோன்காரி யார்? ஊரா, ஒரு பெண்ணா? எங்கள் தெருவிலேயே அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று இருந்தவர்கள் உண்டு. அப்பாயி நேரடியாகக் கேட்டதில்லை. தாத்தா நேரடியாக மறுத்ததும் இல்லை. இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சந்தேகம் மட்டும் குடும்பச் சொத்தாக எனக்கு வந்தது.

2024 ஜனவரியில் நான் அந்த ஊருக்குப் புறப்பட்டபோது, கதைக்கு விஷயம் தேடிப் போவதாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் துப்பறியத்தான் போனேன். தாத்தா கப்பலில் நாட்கணக்கில் போன தூரத்தைத் திருச்சியில் விமானம் ஏறி ஒரு தூக்கத்தில் கடந்துவிட்டேன். ஊருக்கு 1976-லிருந்து ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆனால் டாக்ஸிக்காரர் முதல் டீக்கடைக்காரி வரை வாய்க்கு வருவது சைகோன்தான்.

முதல் நாள் அந்த ஊரை எனக்குப் பிடிக்கவில்லை. தெருவைக் கடக்கவே முடியவில்லை. மோட்டார் சைக்கிள்கள் ஈசல் மாதிரி வந்துகொண்டேயிருந்தன. கால்மணி நேரம் நின்ற என்னை ஒரு கிழவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல ஒரே சீராக நடந்தாள். வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு வழிந்து போயின. அக்கரையில் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். பிரேமை என்பது எந்த நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்று கதைகளில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சொந்த அனுபவத்தில் அது நடுத்தெருவில், ஒரு கிழவியின் கையில் ஆரம்பித்தது.

அப்புறம் நாலு நாள் நடந்தேன். தாத்தா சொன்னவை ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. மார்செய்யிலிருந்து செங்கல் கொண்டுவந்து கட்டி 1880-இல் முடித்த மாதா கோயில், பழுதுபார்ப்பதற்காகச் சாரம் கட்டி மூடிக் கிடந்தது. அதன் பக்கத்தில் 1891-இல் கட்டி முடித்த தபாலாபீஸ். ரயில்வே ஸ்டேஷன் போல வளைந்த கூரை, சுவரில் பழைய தேசப்படங்கள். கண்ணாடித் தம்ளரின் மேல் தகர வடிகட்டியை வைத்து, கெட்டிப்பாலின் மீது காபி சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவசரப்படுகிறவன் அந்தக் காபியைக் குடிக்க லாயக்கில்லை. அப்பாயியின் காபியைத் தாத்தா ஏன் முகம் சுளித்துக் குடித்தார் என்பது அப்போது புரிந்தது. புரிந்ததும் அப்பாயிக்குத் துரோகம் செய்துவிட்டது போல இருந்தது.

தாத்தா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த ஊரின் பல தெருக்களில் நிழல் தருவது புளிய மரம்! பிரெஞ்சுக்காரன் கட்டிய மாளிகைகளுக்கு முன்னால், நம் ஊர்ச் சாலையில் நிற்பது போலவே வரிசையாக நிற்கிறது. காற்று அடித்தால் பொடி இலைகள் தலையில் உதிர்கின்றன. அவற்றின் கீழே நடக்கும்போது எனக்கு அந்நிய தேசம் என்ற எண்ணமே போய்விட்டது.

ட்ரோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தமிழர்கள் கட்டியது, 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கோயில் காலியாகிவிடவில்லை. வியத்நாமியப் பெண்கள் கட்டுக்கட்டாக ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். கர்ப்பக்கிருகத்தின் பின்சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு, கல்லிடம் முணுமுணுவென்று குறையைச் சொல்கிறார்கள். நம் ஊரில் பார்த்திராத வழக்கம். ஒரு பெண் வெகுநேரம் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அந்த இடத்தில் நானும் நெற்றியை வைத்தேன். 'சைகோன்காரி யாரம்மா?' என்று கேட்பதற்குத்தான் வந்திருந்தேன். கல் சில்லென்று இருந்தது. கேட்க மனம் வரவில்லை. பதினெட்டு வருஷம் நெரவியில் காத்திருந்த ஒருத்தியின் பேரன் கேட்க வேண்டிய கேள்வியா அது? அவளே கடைசிவரை கேட்காமல் கௌரவமாக வைத்திருந்த கேள்வியை?

கோயிலிலிருந்து சற்றுத் தூரத்தில் பென் தான் சந்தை. 1914-இல் திறந்த கட்டடம், முகப்பில் மணிக்கூண்டு. தாத்தா தினம் காலையில் கடை கடையாகக் காசு வசூலித்த இடம். அங்கேதான் என் பிரேமைக்கு முதல் அடி விழுந்தது. தாத்தா சொன்ன சைகோனில் காபி உண்டு, சாயங்காலம் ஆபீஸ் விட்டாற்போல நாலு மணிக்குப் பெய்யும் மழை உண்டு. காசு கொடுத்தவர்களின் முகம் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் அக்காலத்தில் நம்மவர்களைச் 'சா வா' என்பார்களாம். ஜாவாக்காரன் என்பதிலிருந்து வந்த சொல். மரியாதைச் சொல் அல்ல. எப்படி மரியாதை வரும்? அந்நியன் ஒருவன் ஊரைப் பிடித்துக்கொள்ள, இன்னொரு அந்நியன் அவன் பெயரால் கூடைக்காரியிடம் வரி கேட்டு நிற்கிறான். நான் காதலித்த தெருக்களில் தாத்தா நோட்டுப் புத்தகத்தோடு நடந்திருக்கிறார். அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது.

பழக்கடைக்காரி ஒருத்தியிடம் ரம்புட்டான் விலை கேட்டேன். பாஷை தெரியாத எனக்காகக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினாள். அங்கே பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை. அவளும் பாதிக்குப் பாதி குறைக்கத் தயாராகத்தான் போட்டிருப்பாள். நான் பேசாமல் முழுப் பணத்தையும் எடுத்து நீட்டினேன். அவள் திகைத்து, பக்கத்துக் கடைக்காரியிடம் ஏதோ சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'சுத்த அசடு' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பழைய கணக்கு பத்து ரம்புட்டானில் தீர்ந்துவிடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் கூப்பிட்டு, இரண்டு பழம் கூடவே போட்டாள். அந்த இரண்டு பழத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் என் மனைவி சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்து ஒரு புளியம்பழம் விழுந்தது. தெருவில் எப்போதோ பொறுக்கிப் போட்டது.

"இதை வாங்கவா அவ்வளவு தூரம்?" என்றாள்.

கொட்டையை எடுத்துக் கொல்லையில் ஊன்றப் போனேன். விடவில்லை.

"வீட்டுக்குப் பின்னால யாராவது புளியமரம் வைப்பாங்களா? பேய் வந்து குடியேறும்னு உங்க அப்பாயி சொல்லிக்கிட்டே இருப்பாங்களாமே!"

அப்பாயி சொன்னது சரி. அந்த வீட்டுக்குள் சைகோன்காரியைக் கொண்டுவர எனக்கு உரிமை இல்லை. சாயங்காலம் அரசலாற்றங்கரைக்குப் போய் ஊன்றிவிட்டு வந்தேன். முளைத்திருக்கிறது. முழங்கால் உயரம். போகவர அதைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றால், வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்கிறாள்:

"என்ன, சைகோன்காரி சௌக்கியமா?"

நான் பதில் சொல்வதில்லை. எனக்கு மீசை இல்லாதது ஒன்றுதான் குறை.