சிபாரிசுக் கடிதம் இனி வேண்டாம்

சமூக வலைதளம் பெரிய மனிதர்களைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. அவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் இனி கேள்வி.

அமைச்சரைப் பார்க்க முன்பெல்லாம் ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். பி.ஏ.வின் தயவு வேண்டும். வாசலில் அரை நாள் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். தெலுங்கானா மாநிலம் உருவான 2014க்குப் பிறகு ஹைதராபாத்வாசிகள் பலருக்கு இவை தேவைப்படவில்லை. செல்போனும் ட்விட்டர் கணக்கும் இருந்தால் கே.டி. ராமராவின் வாசலுக்கே போய்விடலாம். தகவல் தொழில்நுட்ப அமைச்சராக இருந்த அவர், 'ஆஸ்க் கேடிஆர்' என்று நேரம் ஒதுக்கி, முன்பின் தெரியாதவர்களுக்கும் பதில் எழுதினார். 2021இல் கொரோனாவின் இரண்டாவது அலையில் ரெம்டெசிவிர் மருந்துக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் அவரை ட்விட்டரில் நாடியவர்கள் ஏராளம். பலருக்கு உதவியும் கிடைத்தது.

அமைச்சருக்கும் தட்ட வேண்டிய கதவுகள் உண்டு. டெஸ்லா கார் இந்தியாவுக்கு எப்போது வரும் என்று ஜனவரி 2022இல் ஈலான் மஸ்க்கிடம் ட்விட்டரில் கேட்டார் ஓர் இந்திய இளைஞர். அரசுடன் இன்னும் பல சிக்கல்கள் இருப்பதாக மஸ்க்கே பதில் எழுதினார். அதைப் பார்த்த ராமராவ், தன்னைத் தெலுங்கானாவின் தொழில் அமைச்சர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தங்கள் மாநிலத்துக்கு வருமாறு மஸ்க்கை அழைத்தார். மகாராஷ்டிரம், பஞ்சாப், மேற்கு வங்கத்திலிருந்தும் அழைப்புகள் பறந்தன. உலகின் மிகப் பெரிய பணக்காரரின் முன்னால் அமைச்சர்களும் இளைஞரும் ஒரே வரிசையில். எந்தத் தூதரகமும் இப்படி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ஆனால் கதவு திறப்பது வேறு, காரியம் நடப்பது வேறு. டெஸ்லா தன் முதல் இந்திய விற்பனைக் கூடத்தைத் திறந்தது ஜூலை 2025இல், அதுவும் மும்பையில். ராமராவின் கட்சி டிசம்பர் 2023இல் ஆட்சியை இழந்தது. ஒரு தனி மனிதரின் ஆர்வத்தால் திறந்த வாசல், அவர் பதவியில் இருக்கும்வரைதான் அரசின் வாசல். செல்போன் இல்லாதவருக்கு அப்போதும் பழைய வரிசைதான்.

அப்படியானால் இந்த நெருக்கத்தால் என்ன பயன்? விடை ட்விட்டருக்கு முந்தைய காலத்தில் இருக்கிறது. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழக குமாஸ்தா ஒருவர், தனக்கு அறிமுகமே இல்லாத கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அவர் அணுகிய இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் உதவவில்லை. மூன்றாவது கதவு திறந்தது. அடுத்த ஆண்டே ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அந்தக் கடிதத்தில் ஹார்டிக்குப் புகழாரம் சூட்டி அவர் காகிதத்தை நிரப்பவில்லை. பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. ஹார்டியை உட்கார்ந்து படிக்கவைத்தவை அவைதான்.

இன்று தபால்தலைச் செலவும் மிச்சம். விஞ்ஞானியோ எழுத்தாளரோ, ஒரு விரல் தட்டலில் எதிரே நிற்கிறார். அவரிடம் 'வணக்கம் சார், நான் உங்கள் ரசிகன்' என்று எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில். அவருடைய கட்டுரையை முழுதாகப் படித்து, அதில் புரியாத ஓரிடத்தைக் குறிப்பிட்டுக் கேட்பவர் அபூர்வம். பதில் வருமானால் பெரும்பாலும் அவருக்குத்தான் வரும்.