சண்டிகர் நாற்காலிகள்

வடநாட்டில் வாழும் தமிழன்பர் பலர் சிம்லாவுக்கோ குலுவுக்கோ செல்லும் வழியில் சண்டிகர் நகரைக் கண்டிருப்பர். நேரிய சாலைகளையும், சுக்னா ஏரியையும், பாறைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு மலையேறிவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அந்நகரத்து அலுவலகங்களுக்குள் கிடக்கும் நாற்காலிகளைக் காண நிற்பவர் அரியர். ஆயினும், மேலைநாட்டுச் செல்வர்கள் தம் இல்லங்களை அணிசெய்யத் தேடித் தேடிச் சேர்க்கும் பொருள்களுள் அந்த நாற்காலிகளுக்குத் தனி இடம் உண்டு. அவற்றின் வரலாற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

1947ஆம் ஆண்டு நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதியதொரு தலைநகர் வேண்டியதாயிற்று. 1951இல் லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் அப்பொறுப்பை ஏற்றார். அவரோ ஆண்டில் சில வாரங்களே இங்குத் தங்குவார். நகரிலேயே குடியிருந்து, 1965 வரை வெயிலிலும் புழுதியிலும் நின்று பணிபுரிந்தவர் அவருடைய உறவினரான பியேர் ஜென்னரே ஆவார். 1967இல் ஜெனீவாவில் காலமான அவருடைய அஸ்தி, அவர் விருப்பப்படியே சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது என்றால், அவருக்கு இந்நகரின்மீது இருந்த பற்றை வேறு சொல்லவும் வேண்டுமோ?

நகரம் எழுந்தது, தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் எழுந்தன. அவற்றுள் அமர நாற்காலியும் எழுத மேசையும் வேண்டுமே! அவற்றை அயல்நாட்டிலிருந்து தருவிக்க அரசினரிடம் பொருள் இல்லை. ஜென்னரேயும் அவருடைய குழுவினரும் உள்நாட்டு மரத்தையும் உள்நாட்டுத் தச்சரையுமே நம்பினர். குழுவில் இருந்த யூலி சௌதரி என்னும் இந்தியப் பெண் கட்டடக்கலைஞருக்கும் இப்பணியில் பங்குண்டு. தேக்கு, வடநாட்டார் ஷீஷம் என்று வழங்கும் மரம், பிரம்பு, கயிறு, மூங்கில், இரும்புக் கம்பி ஆகிய எளிய பொருள்களே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

அவற்றுள் தலைசிறந்தது அலுவலக நாற்காலி. அதன் இருபுறத்துக் கால்களும் விரித்து வைத்த கவராயம்போல் மேலே கூடிக் கீழே அகன்று நிற்கும். இருக்கையும் சாய்மானமும் பிரம்புப் பின்னல். வடநாட்டுக் கோடையில் முதுகுக்குக் காற்றோட்டம் தருவதற்குப் பிரம்பைவிட ஏற்றது எது? பின்னல் நைந்தால் தெருவில் வரும் பிரம்புப் பின்னுவோரே செப்பனிட்டுவிடுவர். மரச்சட்டமோ தலைமுறைக்கு நிற்கும். அழகுக்கென்று தனியே ஒரு செதுக்கு வேலையும் அதில் இல்லை, பயனே அழகாயிற்று.

விளக்குகளும் அவ்வாறே. பல்கலைக்கழக நூலகத்துக்கென்று செய்த நீண்ட மேசைகளின் நடுவே, நெடுக ஒரு விளக்கை அமைத்து, மேலே உலோக மறைப்பு இட்டனர். ஒளி படிப்பவர் கண்ணில் படாது. ஏட்டில் மட்டும் விழும். முதலில் பிரான்சு நாட்டு மார்சேல் நகருக்கென்று லெ கொர்பூசியே வகுத்த தாழ்வான கான்கிரீட்டு விளக்கு, பின்னர்ச் சுக்னா ஏரிக்கரைக்கும் பக்ரா அணைக்கும் வந்தது. அதுவும் ஒளியைக் கீழ்நோக்கியே சிந்துவது.

ஆண்டுகள் பல சென்றன. பிளாஸ்டிக்கும் இரும்பும் மலிந்தன. பழைய நாற்காலிகள் மொட்டை மாடிகளில் குவிந்து மழையில் நனைந்தன. பயனற்றவை என்று குறிப்பெழுதி, அலுவலகத்தார் அவற்றைக் குறைந்த விலைக்கு ஏலம் விட்டனர். கடந்த நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரத்து வணிகர்கள் அவற்றின் மதிப்பை அறிந்து வந்து வாங்கினர், செப்பனிட்டுக் கப்பலேற்றினர். பின்னர் அயல்நாட்டு ஏலக்கூடங்களில் ஒரு நாற்காலியே பல இலட்சம் ரூபாய்க்கு விலைபோயிற்று. கணக்குக்காக இங்குள்ள சிப்பந்தி சாயத்தால் எழுதிய இலக்கமும் துறையின் பெயரெழுத்தும் அங்கே குலச்சான்றாகப் போற்றப்பட்டன. இந்தப் பயணத்தையே பொருளாக்கி, 2013இல் ஏமி சீகல் என்னும் அமெரிக்கக் கலைஞர் ஒரு படம் எடுத்தார். செல்வர் மாளிகையில் தொடங்கும் அப்படம், பின்னோக்கி நடந்து சண்டிகரில் முடிகிறது.

அரசினர் ஏன் தடுக்கவில்லை என்று அன்பர்கள் வினவலாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் பொதுவாக நூறாண்டு நிறைந்த பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. 1955இல் செய்த நாற்காலிக்கு அந்தத் தகுதி 2055இல்தான் வரும்! எனவே, 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்பதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் தடை விதித்துத் தனியே ஆணையிட நேர்ந்தது. எஞ்சியவற்றை எண்ணியபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாயின. ஆயினும் முன்னரே கடல் கடந்தவை இன்றும் அங்கே கைமாறுகின்றன. இங்கும் களவுபோன செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

சண்டிகர் செல்லும் அன்பர்கள் ஐந்தாம் செக்டாரில் 57ஆம் எண்ணுள்ள வீட்டைத் தவறாது காண வேண்டும். ஜென்னரே வாழ்ந்த அந்த இல்லம் 2017 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. பத்தொன்பதாம் செக்டாரில், கட்டடக்கலைஞர்களின் பழைய அலுவலகத்திலேயே லெ கொர்பூசியே மையம் உள்ளது. நாற்காலிகள் தாம் பிறந்த ஊரிலேயே, தமக்குரிய சுவர்களின் நடுவே நிற்பதைக் காணும்போதுதான் அவற்றின் பொருள் முழுதும் விளங்குகிறது.

இத்தகைய பொருள்களை இல்லத்தில் சேர்க்க விழைவோருக்கு ஒரு சொல். அரசுத் துறையின் இலக்கம் தாங்கிய நாற்காலியை எவரேனும் விற்க வந்தால், அது முறைப்படி ஏலத்தில் எடுத்ததற்குச் சான்று கேளுங்கள். இலக்கத்தைப் போலியாக எழுதுதலும் அரிதன்று. பெங்களூரில் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனத்தார் இவ்வமைப்புகளைத் தச்சர் கையால் புதிதாகச் செய்கின்றனர். 2019இல் இத்தாலி நாட்டுக் கசீனா நிறுவனமும் தொடங்கியது. புதியதைப் புதியதென்றே சொல்லி விற்பது நேர்மை. அதை வாங்குவதில் தாழ்வில்லை.

மாற்றல் ஆணை வரும்போதெல்லாம் நம் குடும்பங்கள் மூட்டை கட்டுகின்றன. பாரம் குறையட்டும் என்று முதலில் கழிப்பது மரச் சாமான்களையே. கழிக்குமுன் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மூட்டு உறுதியாக இருக்கிறதா? மரம் நல்ல மரமா? செய்தவர் பெயரும் ஆண்டும் நினைவுண்டா? உண்டெனில் ஒரு தாளில் எழுதி அடியில் ஒட்டி வையுங்கள். பிரம்பு கிழிந்திருந்தால் பின்னச் செய்யுங்கள். ஒரு நகரமே தன் நாற்காலியின் அருமையை அயலார் சொல்லி அறிந்தது. நம் வீட்டு நாற்காலியின் அருமையையேனும் நாமே அறிவோமாக!