டெட்டா, நோ டிஸ்ப்ளேவா?

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், விற்பவர்களின் குரல்தான் முதலில் காதில் விழும். பழுது பார்ப்பவர்களைத் தேடி மாடியேற வேண்டும். ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கி வளர்ந்த சந்தை இது. நான் போய் உட்கார்ந்த சர்வீஸ் கடையில் ஒரு மேசை, மல்டிமீட்டர், சோதனைக்கென்றே வைத்திருக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஒற்றை ராம். அவ்வளவுதான் முதலீடு.

கல்லூரி மாணவர் ஒருவர் பெரிய கேபினட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பாகங்களை ஆன்லைனில் வாங்கி, முந்தின இரவு அவரே பூட்டியது. “மதர்போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேண்ணா. ரிட்டர்ன் போட்டுடவா?”

கடைக்கார அண்ணன் போர்டைத் தொடவில்லை. “டெட்டா, நோ டிஸ்ப்ளேவா?” என்றார்.

இந்தத் தொழிலின் முதல் கேள்வி இதுதான். விசிறி சுற்றியும் திரை இருண்டிருந்தால் நோ டிஸ்ப்ளே. ராம் சரியாக உட்காராதது, பிராசசருக்கான 8 பின் ஒயரைச் செருக மறந்தது என்று அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. மூச்சே இல்லையென்றால் டெட். மாணவர் சொன்னதோ இரண்டுக்கும் நடுவில் இருந்தது: “ஃபேன் லேசா ஒரு ஆட்டம் ஆடிட்டு நின்னுடுதுண்ணா.”

அண்ணன் தலையாட்டிக்கொண்டார். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்ச், பவர் கார்டு, 8 பின் மூன்றையும் விரலாலேயே சரிபார்த்தார். பிறகு பவர் பட்டனிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த, போர்டின் ஓரத்து இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டார். அதே ஆட்டம், அதே நிறுத்தம். பட்டன் மேல் குற்றமில்லை.

பழைய கம்ப்யூட்டர்களில் அந்தப் பட்டனே மின்சாரத்தை நேராகத் திறந்து மூடியது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் பட்டன் போர்டிடம் விண்ணப்பம் மட்டுமே போடுகிறது. அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் ஊதா ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேயிருக்கும். பட்டனை அழுத்தியதும் போர்டு பச்சை ஒயரைக் கிரவுண்டோடு சேர்க்க, எஸ்எம்பிஎஸ் முழுதாக விழிக்கும்.

அதையே அண்ணன் கையால் செய்தார். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரின் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தார். எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி நிற்காமல் சுற்றியது. மல்டிமீட்டரில் 12.1 வோல்ட். “11.4க்குக் கீழ போனாத்தான் கவலை. ஆனா லோடு இல்லாம சுத்தறத வச்சு நல்லாருக்குன்னு சத்தியம் பண்ண முடியாது” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அடுத்து கேபினட்டிலிருந்து போர்டையே கழற்றி, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தார். பிராசசர், அதன் விசிறி, ஒரு ராம், மாணவரின் அதே எஸ்எம்பிஎஸ். ஸ்க்ரூ டிரைவர் நுனி பட்டதும் விசிறி சுற்றியது, மானிட்டரில் பயாஸ் வந்தது. மாணவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

வெளியே ஓடுவது உள்ளே ஓடவில்லையென்றால் குற்றவாளி கேபினட். அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். போர்டைத் தாங்க, கேபினட் தகட்டில் பித்தளைக் கட்டைகள் திருகப்பட்டிருக்கும். பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்கும் சிறிய மைக்ரோ ஏடிஎக்ஸுக்கும் அவற்றின் இடங்கள் முழுக்க ஒன்றல்ல. இந்தச் சிறிய போர்டில் துளையே இல்லாத இடத்துக்கு நேராக ஒரு கட்டை நின்றது. அதன் தலை போர்டின் அடியிலுள்ள ஈயப்பற்றில் பட்டு ஷார்ட். எஸ்எம்பிஎஸ் அதை உணர்ந்து, தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்திருக்கிறது. அந்த ஒரு ஆட்டத்துக்குக் காரணம் அதுதான்.

கட்டையைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்துவிட்டு, செக்கிங் சார்ஜ் 300 என்றார். “ஒரு ஸ்க்ரூதானேண்ணா?” என்று இழுத்தார் மாணவர். அண்ணன் பேரம் பேசாமல் 50 குறைத்துக்கொண்டார்.

இந்தத் தொழிலின் முரண் அங்கேதான். பாகங்களின் விற்பனை ஆன்லைனுக்குப் போனபின் இவர்களுக்கு மிஞ்சியிருப்பது சோதிக்கும் கூலி. “போர்டு காலி” என்று பொய் சொல்லியிருந்தால் புதுப் போர்டு ஒன்று விற்றிருக்கலாம். எதுவும் கெடவில்லை என்று கண்டுபிடிக்கும் திறமைக்குத்தான் இங்கே மிகக் குறைந்த விலை.

அந்தத் திறமையிலும் அவர் எதையும் ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை. படியிறங்கப் போன மாணவரை நிறுத்தி, “தம்பி, அடுத்த தடவை கேபினட்ல ஏத்தறதுக்கு முன்னாடியே அட்டைப் பெட்டி மேல வச்சு ஒருதரம் ஆன் பண்ணிப் பாத்துடு. எங்கிட்ட வரவே வேணாம்” என்றார்.