நெற்றி விளக்கு
பத்து வாரத்துக்குள் மூன்று போட்டி. 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 மவுண்டன் பைக், 10 காட்டோட்டம். 1996இல் ஹவாயின் மாவி தீவில் ஆரம்பித்த எக்ஸ்தெரா போட்டிகளின் கணக்கு இது. நான் பழகுவது ஜொகூரில், கூலாய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில்.

மழைக்கு மறுநாள் அந்தச் செம்மண் சக்கரத்தில் அப்பி, சுற்றவே விடாது. சைக்கிளைத் தோளில் தூக்கி நடக்க வேண்டியதுதான். வெட்டி அடுக்கிய மட்டையின் முள் ஏறினால் டியூப் போச்சு.

இரண்டாவது போட்டியில் விழுந்து முட்டி வீங்கியது. பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார்.

"இதுக்குக் காசு வேற கட்டுறியா?"

தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் பழகும் அதே தோட்டத்தில், அது ரப்பராக இருந்தபோது, பால்மரம் வெட்டியவர்.

"ஒங்கப்பன படிக்க வச்சதே இந்தச் சகதி வேணாம்னுதான்."

வாரம் முழுக்க தொழிற்சாலையில் ஏர்கான் அறை, ஸ்க்ரீன். எனக்கு உடம்பு இருப்பதே சகதியில்தான் ஞாபகம் வருது என்று சொல்லியிருக்கலாம். அவர் காதில் திமிராக விழும். திமிராகவே இருக்கலாம்.

மூன்றாவது போட்டிக்கு இன்னும் 19 நாள். முட்டி இன்னும் முழுசாக மடங்கவில்லை. இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நெற்றி விளக்கை மாட்டினேன். பாட்டி எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தார்.

"பேட்டரியா? எங்களுக்கெல்லாம் கார்பைட்டு."

பிறகு கிட்டே வந்து, நழுவியிருந்த வாரை இழுத்துச் சரிசெய்தார்.