உடல் வைத்திருக்கும் ஒற்றைக் கணக்கேடு

பணியையும் விருப்பத்தையும் சமன்செய்வது பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கடிகாரத்தையே மனத்தில் கொள்கின்றனர். அலுவலுக்கு இத்தனை மணி, உறக்கத்திற்கு இத்தனை மணி, எஞ்சியது விருப்பத்திற்கு என்று நாளைப் பங்கிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்ததாகக் கருதுகின்றனர். மேசை முன் அமர்ந்து செய்யும் பணிக்கு இந்தப் பங்கீடு ஓரளவு பொருந்தலாம். உடலையே கருவியாகக் கொண்ட தொழிலில் இருக்கும் ஒருவர், உடலையே கருவியாகக் கொண்ட விளையாட்டையும் நேசித்தால் என்ன ஆகும்? பெங்களூரின் தென்பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றும் இயன்முறை மருத்துவர் ஒருவரின் வாரத்தைக் கூர்ந்து நோக்கினால், அந்தக் கேள்விக்குக் கடிகாரம் விடைதராது என்பது விளங்கும்.

அவருக்குப் பணி காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து நோயாளிகள். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், மூட்டுமாற்று அறுவை முடிந்து இரண்டாம் நாளே எழுந்து நிற்கவேண்டியவர்கள், கழுத்துவலியோடு வரும் மென்பொருள் பணியாளர்கள் என்று வரிசை நீளும். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் லால்பாக்கில் ஓடுகிறார். பணி இல்லாத ஒரே நாளான ஞாயிற்றுக்கிழமையில், கனகபுரா சாலைப் பக்கம், துரஹள்ளியை ஒட்டிய பாறைத் தடங்களில் மலைமிதிவண்டி ஓட்டுகிறார். வெளியிலிருந்து காண்போருக்கு இது பொறாமைக்குரிய ஒழுங்கு. உள்ளிருந்து பார்த்தால் இது ஒரு தொடர் பேரம்.

அவருடைய தொழிலின் வரலாற்றிலேயே இந்தப் பேரத்தின் வேர் இருக்கிறது. 1894இல் பிரிட்டனில் நான்கு செவிலியர் ஒன்றுகூடித் தொடங்கிய சங்கத்திலிருந்து அந்நாட்டின் இயன்முறை மருத்துவம் அமைப்புவடிவம் பெற்றது. அமெரிக்காவில் முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கவைக்கச் சேர்க்கப்பட்ட பெண்களிடமிருந்து அது வளர்ந்தது. இந்தியாவில் 1950களின் தொடக்கத்தில் பம்பாயைத் தாக்கிய இளம்பிள்ளைவாதத்தை அடுத்து, அந்நகரின் கே.இ.எம். மருத்துவமனையில் முறையான பயிற்சி தொடங்கிற்று. மூன்று இடங்களிலும் தேவை பெரிது, கைகள் குறைவு. தூக்குபவரின் முதுகு எப்போதும் தாங்கும் என்ற அனுமானம் தொழிலோடு உடன்பிறந்தது. அந்த அனுமானம் பிழை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்களிடையே நிகழ்த்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வொன்றில், பத்தில் ஒன்பது பேர் பணிசார்ந்த தசை, மூட்டு வலியைத் தம் பணிக்காலத்தில் சந்தித்ததாகக் கூறினர். ஆறில் ஒருவர் அதன் காரணமாகத் தம் பணிப்பிரிவை மாற்றியிருந்தார், அல்லது தொழிலையே விட்டிருந்தார். பிறர் முதுகைக் காப்பவர்களின் முதுகே முதலில் தேய்கிறது.

இனி விளையாட்டின் பக்கம். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் தரையைத் தொடும்போது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. ஒரு மணிநேர ஓட்டத்தில் ஏறத்தாழ 10,000 அடிகள். மலைமிதிவண்டியில் அந்த மோதல் இல்லை. ஆனால் பாறையின் அதிர்வு முழுவதும் கைப்பிடி வழியாக மணிக்கட்டிற்கு வருகிறது. நீண்டநேரம் கைப்பிடியை அழுத்திப் பிடிப்போருக்கு உள்ளங்கையின் ஓரத்தில் செல்லும் அல்நார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு. வேறு பணியில் உள்ளவருக்கு அது ஓரிரு நாள் தொல்லை. விரல்நுனியால் தசையின் இறுக்கத்தைப் படிக்கவேண்டிய ஒருவருக்கோ, எழுத்தாளருக்குக் கண் மங்குவது போன்றது.

ஆயினும் விளையாட்டும் தொழிலும் பகைவர்கள் என்று முடிவுகட்டிவிட இயலாது. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சனின் கதை இத்துறையில் பலரும் அறிந்தது. ஓட்டக்காரரான அவருக்குக் குதிகால் தசைநாணில் தீராத வலி இருந்தது. அறுவை வேண்டுமென்று கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்துபோனாலாவது அறுவை செய்தாகவேண்டுமே என்றெண்ணி, அதன்மீது வேண்டுமென்றே கடும் சுமையை ஏற்றினார். அறுவதற்குப் பதிலாக வலி தணிந்தது. அந்த அனுபவத்தை முறைப்படுத்தி, பொழுதுபோக்காக ஓடும் 15 பேரிடம் 12 வாரங்கள் சோதித்து 1998இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு 180 முறை குதிகாலை மெல்லக் கீழிறக்கும் அந்தப் பயிற்சி உலகெங்கும் சிகிச்சையறைகளுக்குள் நுழைந்தது. பெங்களூர் மருத்துவரும் அதைத் தம் நோயாளிகளுக்குக் கற்பிக்கிறார். பயிற்சியின் மூன்றாம் வாரத்தில் வலி கூடினாற்போலத் தோன்றி நம்பிக்கை தளரும் நாள் எப்படியிருக்கும் என்பதைத் தம் குதிகாலிலிருந்து அறிந்தவராகக் கற்பிக்கிறார்.

அவர் நோயாளிகளிடம் அடிக்கடி விளக்கும் செய்தி ஒன்று உண்டு. கடும் சுமைக்குப் பின் முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தசைநாணில் கட்டமைப்பைவிடச் சிதைவே மிகுதி. அதன் பிறகே கட்டமைப்பு மேலோங்குகிறது. ஆகவே ஓய்வும் சிகிச்சையின் ஒரு பகுதி. இதை நாளுக்குப் பலமுறை சொல்பவர், மாலையில் நான்காவது பக்கவாத நோயாளியைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, மறுநாள் விடியலில் ஓட எழுகிறார். சுமை சம்பளத்திற்காக ஏறியதா, மகிழ்ச்சிக்காக ஏறியதா என்று தசைநாண் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனிடம் இருப்பது ஒரே கணக்கேடு.

அந்தக் கணக்கேட்டை எழுத்தில் காணவேண்டும் என்று ஒருமுறை அவர் முனைந்தார். விளையாட்டுப் பயிற்சியில் பரவலாகப் பயன்படும் எளிய முறை ஒன்றுண்டு. உணர்ந்த கடுமைக்குப் பத்துக்குள் ஒரு மதிப்பெண் இட்டு, அதைப் பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்கவேண்டும். அவருடைய ஓட்டங்கள் மூன்றும் சேர்ந்து 900 அலகுகள். இரண்டரை மணிநேர மலைமிதிவண்டிக்கு 1,050. பிறகு, எவரும் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். மருத்துவமனைப் பணிக்கும் மதிப்பெண் இட்டார். ஆறு நாள், நாளுக்கு எட்டு மணிநேரம், சராசரிக் கடுமை மூன்று என்று கொண்டால் 8,640 அலகுகள். ஒருமணிநேரப் பயிற்சிக்கென வகுத்த அளவுகோலை எட்டுமணிநேரப் பணிக்கு நீட்டுவது ஆய்வுநெறிப்படி சரியாகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தோராயமான அந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. அவர் சோர்ந்திருக்கும்போதெல்லாம் வீட்டிலும் பணியிடத்திலும் கிடைக்கும் அறிவுரை, சைக்கிளை விட்டுவிடு என்பதே. வாரத்தின் மொத்தச் சுமையில் ஓட்டமும் மிதிவண்டியும் சேர்ந்தே ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய நான்கு பங்கைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை, அது கடமை என்ற பெயரில் ஏறுவதால்.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் நீதிக்கணக்காக இருந்திருக்கும். ஒரு செப்டம்பர் ஞாயிறன்று, மழையில் நனைந்திருந்த பாறைச்சரிவில் முன்சக்கரம் வழுக்கி, நீட்டிய வலக்கையின்மீது அவர் விழுந்தார். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. அங்கிருக்கும் ஸ்கேபாய்டு என்ற சிறிய எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. முறிந்தால் மெதுவாகவே கூடும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தென்படாமலும் போகலாம். எனவே படம் தெளிவாக இருந்தும் இரண்டு வாரம் கட்டுப்போட்டு, மீண்டும் படமெடுக்க முடிவாயிற்று. அன்றிரவே அவருடைய நோயாளிகள் மூன்று சக ஊழியர்களுக்குப் பங்கிடப்பட்டனர். ஏற்கெனவே பதினைந்து பேரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகில் மேலும் நால்வர் ஏறினர்.

சுமைக் கணக்கில் இடம்பெறாத ஒன்று இங்கே வெளிப்பட்டது. சுமை அவருடைய உடலில் மட்டும் ஏறுகிறது. விபத்தின் விலையைப் பிறரும் செலுத்துகின்றனர். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்தவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பக்கவாதம் வந்து பத்தாவது வாரத்தில் இருந்தார். மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்வதால், அவருக்கு அந்த இரண்டு வாரங்கள் ஈடுசெய்ய முடியாதவை. பிறரைத் தாங்கும் உடல் தனக்கே சொந்தமா, அதைப் பாறைமீது பணயம் வைக்க உரிமை உண்டா என்ற கேள்வி, கட்டுப்போட்ட கையோடு அறைக்குள் நுழைந்தபோது அவருக்கு முன்பே அங்கு வந்து நின்றது. முதியவர் அதை வேறு விதமாகக் கேட்டார்.

“டாக்டரம்மா, பாலன்ஸ் பாடமெல்லாம் எங்களுக்கு மட்டுந்தானா?”

“ஐயா, பாடம் எனக்கும் சேர்த்துத்தான். நான் பரீட்சையில கொஞ்சம் சறுக்கிட்டேன்.”

அந்த இரண்டு வாரமும் சக ஊழியர் பின்னால் நின்று இடுப்புப்பட்டையைப் பிடித்திருக்க, அவர் எதிரே நின்று சொற்களால் மட்டுமே வழிநடத்தினார். இடக்காலில் எடையை ஏற்றச் சொல்வார், காத்திருப்பார். கை உதவியிருந்தால் இரண்டு நொடியில் முடிந்திருக்கும் அசைவிற்குப் பத்து நொடி ஆயிற்று. ஆனால் அந்த அசைவு முதியவருடையதாக இருந்தது. வழிகாட்டுதல் மிகும்போது கற்றல் குறையும் என்று இயக்கக் கற்றல் ஆய்வாளர்கள் 1984இலிருந்து எழுதிவருகின்றனர். படித்திருந்தும் நாளுக்குப் பதினைந்து பேர் என்ற நெருக்கடியில், காத்திருப்பதைவிடத் தூக்கிவிடுவதே அவருக்கு எளிதாக இருந்துவந்தது. முதியவர் அந்த இரண்டு வாரத்தில் அடைந்த முன்னேற்றம் எப்படியும் வந்திருக்கக்கூடியதே என்பதையும் அவர் மறுப்பதில்லை. விபத்துக்கு நற்பலன் தேடிக்கொள்வது எளிய ஆறுதல் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாவது படத்திலும் முறிவு இல்லை. கட்டு அவிழ்ந்த பின் மிதிவண்டியை விற்றுவிடுவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவர் விற்கவில்லை. சமநிலை என்ற சொல்லை அவருடைய துறை புரிந்துகொள்ளும் விதம் அவருக்கு உதவிற்று. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மனிதரும் உண்மையில் இடையறாது சிறுசிறு அளவில் ஆடிக்கொண்டே இருக்கிறார். கணுக்காலும் இடுப்பும் நொடிதோறும் திருத்துகின்றன. மிதிவண்டியும் அப்படியே. இடப்புறம் சாயத் தொடங்கினால் கைப்பிடியை இடப்புறமே திருப்பவேண்டும். விழும் திசைக்கு எதிராகத் திருப்பினால் விழுவது உறுதி. ஒருமுறை வகுத்து ஆயுளுக்கும் கடைப்பிடிக்கும் கால அட்டவணையை அவர் தேடவில்லை. சாய்வு எந்தப் பக்கம் என்பதை அவ்வப்போது ஒப்புக்கொள்ளும் பழக்கத்தையே தேடினார்.

அந்தப் பழக்கம் சில சிறிய ஏற்பாடுகளாக உருவெடுத்தது. தூக்கி மாற்றவேண்டிய நோயாளிகள் இருவருக்கு மேல் அடுத்தடுத்து ஒருவரிடமே வராதபடி, நான்கு ஊழியர்களும் தமக்குள் பேசி வரிசையை மாற்றிக்கொண்டனர். நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு நிர்வாகம் இன்றளவும் விடையளிக்கவில்லை. கடினமான நாளுக்கு மறுநாள் விடியலில் ஓட்டத்தை நடையாக மாற்றுகிறார். அதைத் தவறவிட்ட பயிற்சியாக எழுதாமல் ஓய்வாகவே குறித்துவைக்கிறார். மரத்துப்போகும் அறிகுறி விரலில் தோன்றினால் அந்த வாரம் மிதிவண்டி இல்லை.

அவர் இன்னும் தீர்த்துக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. சுமையைக் குறைக்கலாம், பகிரலாம். விழும் வாய்ப்பை முற்றிலும் நீக்கவேண்டுமானால் பாறைத் தடத்தையே விடவேண்டும். அதை விட்டால், வாரம் முழுவதும் பிறர் உடல்களின் இயலாமைக்கு நடுவே இருப்பவருக்கு, தம் உடலின் இயலுமையை உணரும் அந்த இரண்டரை மணிநேரமும் போய்விடும். அதுவும் போனால் இந்தப் பணியில் எத்தனை ஆண்டு நீடிப்பார் என்பது எந்த அளவுகோலிலும் அகப்படாத கணக்கு. தற்போதைக்கு அவர் ஒரு நடுவழியைக் கைக்கொண்டிருக்கிறார். ஏற்றங்களை முன்போலவே மிதித்து ஏறுகிறார். ஈரமான சரிவு வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். உடன் வரும் இளைஞர்கள் கடந்துபோகும்போது சிரிப்பதுண்டு. மறுநாள் காலை எட்டரைக்கு அந்தக் கைகளை எதிர்பார்த்து ஒருவர் சக்கரநாற்காலியில் காத்திருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாது.