கடுவனின் சர்க்கரை நோட்டு

நாமக்கல் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பதி. நிலக்கடலைதான் அவர்களுக்கு முதல் பயிர். அறுவடை முடிந்ததும் விதைக்கடலையைத் தனி அறையில் மூட்டை போட்டு வைப்பார்கள். அந்த அறைக்கு எட்டு வருடக் காவல், அவர்கள் 'கடுவன்' என்றே கூப்பிடும் ஆண் பூனை. அது வந்த பிறகு விதைக்கடலையில் எலி பல் பட்டதில்லை.

போன வருடம் கோடையில் கடுவன் மாட்டுத் தொட்டியிலேயே தவம் கிடந்தது. எந்நேரமும் தண்ணீர் குடித்தது. வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றது. ஆனாலும் விலா எலும்பு தெரிய இளைத்தது. அது சிறுநீர் கழித்த மண்ணில் எறும்பு மொய்ப்பதை அந்த அம்மா கவனித்தார்.

"ஏனுங்க, உங்களுக்குச் சக்கரை வந்தப்ப இப்படித்தானே எறும்பு வந்துச்சு?"

"ஏம்புள்ள, பூனைக்கெல்லாம் சக்கரை வருமா?" என்று சிரித்தார் கணவர்.

பின்னங்கால் வலுவிழந்து, குதிகால் தரையில் பட நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். ரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே 300 வரைகூட ஏறும். அதனால் மருத்துவர் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பவில்லை. சிறுநீரைப் பார்த்தார். கடந்த இரண்டு வாரச் சராசரியைக் காட்டும் பிரக்டோசமின் பரிசோதனையும் செய்தார். சந்தேகமில்லை, நீரிழிவுதான். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு யூனிட் கிளார்ஜின் இன்சுலின் என்று எழுதிக் கொடுத்தார்.

செய்தி ஊருக்குள் பரவியது. "ஏனம்மிணி, பூனைக்கு ஊசியா? ஊருக்குள்ள கேட்டா நாலு குட்டி சும்மாவே கெடைக்குமே" என்றார் பக்கத்துக் காட்டுப் பெரியவர். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. மருந்துச் செலவு அவருக்கும் கணக்கில் இருந்தது. விதை மூட்டையின் விலையும் கணக்கில் இருந்தது. கணக்கில் வராத ஒன்றும் இருந்தது. எட்டு வருடம் சோறு போட்ட கை அது.

இரண்டரை மடங்கு

பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசி போடுவது மூன்றே நாளில் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் கடுவனுடைய சிரிஞ்சுகள் தீர்ந்துவிட்டன. வீட்டுக்காரருடைய சிரிஞ்சு பெட்டியில் இருந்தது. ஊசி எல்லாம் ஒன்றுதானே என்று எடுத்து, ஒரு யூனிட் கோடு வரை மருந்தை ஏற்றிப் போட்டுவிட்டார்.

கணவருடையது 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சு. பூனையின் மருந்து ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சுதான் பொருந்தும். சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை ஏற்றினால், 100 யூனிட் மருந்து இரண்டரை யூனிட் உள்ளே போகும். பூச்சிமருந்தை மூடிக் கணக்கில் ஊற்றுகிறவர்களுக்கு இது புரியும்: மூடி மாறினால் அளவும் மாறும். போதாததற்கு, அன்று கடுவன் பாதிச் சாப்பாட்டை மிச்சம் வைத்திருந்தது.

இரவு 11 மணிக்கு அது சுவரில் மோதியபடி தள்ளாடி நடந்தது. பிறகு உடல் நடுங்கத் தொடங்கியது. மீட்டரில் 46. மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்த வழி நினைவுக்கு வந்தது. தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினார். வாய்க்குள் ஊற்றவில்லை, ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். தெளிந்ததும் கறி கொடுத்தார். அரை மணிக்கு ஒரு முறை சோதித்தபடி இருவரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் மருத்துவரிடம் ஓடினார்கள். கடுவன் பிழைத்தது.

சோதிக்காமல் ஊசி இல்லை

அன்றைக்குத்தான் நோட்டு ஒன்று போட்டார்கள். பால் சொசைட்டி அட்டைபோலக் கட்டம் கட்டினார்கள்: நேரம், சர்க்கரை அளவு, தின்றது, போட்ட யூனிட்.

சோதனை காது ஓரத்தில். வெதுவெதுப்பான துணியைக் காதில் அரை நிமிடம் வைத்தால் ரத்தம் ஓடி வரும். பின்பக்கம் பஞ்சைக் கொடுத்து, விளிம்பு நரம்பை ஒட்டிப் புது ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டு போதும். பிறகு பஞ்சால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு துண்டு கறி. இப்போது மீட்டர் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே கடுவன் தானாக வந்து உட்காருகிறது. மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் ரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதால், எப்போதும் ஒரே மீட்டரைப் பயன்படுத்தும்படி மருத்துவர் சொன்னார்.

மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் காலை முதல் மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சோதனை. சர்க்கரை எப்போது, எவ்வளவு இறங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். 100-க்குக் கீழே இறங்காமல், 300-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்றார். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. எழுதிக் காட்டுவது இவர்கள் வேலை. பூனை சாப்பிடாத வேளையிலும், அளவு குறைவாகக் காட்டும் வேளையிலும் அவரிடம் கேட்காமல் ஊசி இல்லை.

பால் சோறு நின்றது. பூனை புலி வம்சம். சோற்று மாவு அதற்கு ஆகாது. வேகவைத்த கோழிக்கறி, மீன், முட்டை கொடுத்தார்கள். வெறும் கறி மட்டும் போதாது என்பதால் சுண்ணாம்புச் சத்துக்கும் மற்றச் சத்துகளுக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் கலந்தார்கள். இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, ஃப்ரீசரில் அல்ல. உறைந்தால் மருந்து வீண். பயன்படுத்திய ஊசிகள் மூடி போட்ட கெட்டியான பாட்டிலுக்குள் போகின்றன. எருக்குழியில் போட்டால் அது காட்டுக்குப் போய், களை எடுக்கும் யாரோ ஒருவரின் காலில் ஏறும்.

சீக்கிரமே கண்டுபிடித்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போவதுண்டு. கடுவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வரவில்லை. ஆனால் பின்னங்கால் நிமிர்ந்துவிட்டது. இந்த வருடமும் விதை அறை வாசலில்தான் படுத்திருக்கிறது.

கணவர் ஆறு வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறவர். வீட்டில் ஒரு நாளும் சோதித்துப் பார்த்ததில்லை. "அதெல்லாம் உடம்பே சொல்லும்" என்பார். தை மாதத்தில் ஒரு காலை, கடுவனின் காதைச் சோதித்து முடித்ததும் அந்த அம்மா இன்னொரு ஊசியைப் பிரித்தார்.

"விரலை நீட்டுங்க."

"எனக்கெதுக்கு?"

"பூனைக்கே பார்த்துட்டுத்தான் ஊசி போடறோம்."

அவர் சற்று நேரம் பூனையைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். 318.

இப்போது அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. இடது பக்கம் கடுவன், வலது பக்கம் அவர். மீட்டரும் ஊசியும் தனித்தனி. சிவப்பு மூடி ஒரு டப்பாவிலும், ஆரஞ்சு மூடி வேறொரு டப்பாவிலும் இருக்கின்றன.